மலைக்குப் போகாதவன் கொண்டுவந்த லட்டு

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியின் நெசவுத் தெருவில் கமலக்கண்ணனுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. மாதம் தவறாமல் திருமலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவன் என்ற மரியாதை. அவன் திரும்பி வரும் நாளில் தெருவே லட்டுக்குக் கை நீட்டும். கிள்ளிக் கிள்ளிக் கொடுப்பான். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். இவ்வளவு பக்தியுள்ள அந்த மனிதன் இத்தனை வருஷத்தில் மலைமேல் கால் வைத்ததே இல்லை என்பது அவனுக்கும் அவன் மனைவி ரூபாவுக்கும் மட்டும் தெரியும்.

அவன் போனது திருப்பதியில் கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் மையம் அங்கே இருக்கிறது. அவனுக்கு அது எப்படி வந்தது என்று கேட்க வாய் துடிப்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: நான் சொல்லப் போவதில்லை. சர்க்கரை வியாதிக்காரனிடம் எந்தக் கடையில் ஜிலேபி தின்றாய் என்று யாரும் விசாரிப்பதில்லை. ரூபாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அவள் நிம்மதியில் அழுதாள். அவன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆஸ்பத்திரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நோய் தெரியவந்தது சித்தூரில்தான். மாத்திரையையும் அங்கேயே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் தடவை வரிசையில் நிற்கும்போதே புத்தூர்ச் சந்தையில் பழகிய முகம் ஒன்று எதிரே வந்தது. பாவம், அந்த ஆள் பல்வலிக்கு வந்திருந்தார். கமலக்கண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தவன்தான், அப்புறம் சித்தூர்ப் பக்கமே போகவில்லை. கேட்டுக் கெஞ்சித் திருப்பதிக்கு மாற்றிக்கொண்டான். திருப்பதிக்கு ஏன் போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். அந்த வசதிதான் அவனை மாட்டிவிட்டது.

அவன் வேலை செய்தது அலர்மேல்மங்கை வீட்டு விசைத்தறிக் கொட்டகையில். புருஷன் ஜவுளி விற்க ஊர் ஊராகப் போகிறவர். கொட்டகையை நடத்துவது அந்த அம்மாள்தான். தூரத்துச் சொந்தம். கமலக்கண்ணன் அவளை அண்ணி என்று கூப்பிடுவான். முதல் மாதம் அவன் லீவு கேட்டபோது அவள் தாரில் நூல் சுற்றும் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"இன்னாடா, தறிய நிறுத்திட்டு எங்க போற?"

"திருப்பதிக்கு, அண்ணி."

"மலைக்கா! தாராளமா போய்ட்டு வா. எனக்கு ஒரு லட்டு எத்துக்கினு வா."

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினான். பொய் சொல்லவில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். அந்தத் தடவை கூட்டம் அதிகம், லட்டு கிடைக்கவில்லை என்று சமாளித்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்ல முடியுமா? அடுத்த மாதம் மாத்திரையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றான். மலையிலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக இறங்கி வருகிறவர்களிடம், "ஒரு லட்டு இருந்தா குடுங்க, காசு தரேன்" என்று கேட்டான். சிலர் கொடுத்தார்கள். சிலர் மேலே போய் நின்று வாங்க வலிக்கிறதா என்றார்கள். சரியான கேள்விதான்.

ஒரு தடவை அலர்மேல்மங்கை, "இத்தினி தரம் போயிகீற, ஒரு தரமாச்சும் முடி குடுத்தியாடா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த மாதம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து சலூனில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டான். சலூன்காரர் தெலுங்கில் கேட்டார், மேலே போனால் சாமிக்கே கொடுத்த மாதிரி இருக்குமே என்று. கமலக்கண்ணன் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தபடி, பேன் தொல்லை என்றான். சிரிப்பு வருகிறதல்லவா? அவனுக்கும் வீட்டுக்கு வந்து ரூபாவிடம் சொல்லும்போது சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

மாத்திரை அவனுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. மூன்று மாத மாத்திரையைச் சேர்த்தே தருகிறோம், அடிக்கடி அலைய வேண்டாம் என்று மையத்தில் சொன்னார்கள். நல்ல செய்தி. ஆனால் தெரு மாதா மாதம் லட்டுக்குப் பழகியிருந்தது. ஆகவே மாத்திரை இல்லாத மாதங்களிலும் அவன் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனான். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகாமல், லட்டுக்காக மட்டும், பஸ் ஸ்டாண்டில் நின்று கை நீட்டிவிட்டுத் திரும்பினான். அவன் சொன்ன பொய்க்கு அவனே வேலைக்காரன் ஆகிவிட்டான்.

லட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜனங்கள் அவன் கையில் முடிச்சுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாளுக்கு வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். போகும்போது உண்டியலில் சேர்க்க வேண்டும். போக முடியாதவர்கள் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார்கள். மாதா மாதம் போகிறவன் தெருவிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது? பிள்ளை வேண்டும் என்று ஒரு முடிச்சு. போர்வெல்லில் தண்ணீர் வர வேண்டும் என்று ஒரு முடிச்சு. அலர்மேல்மங்கை தன் மகள் ஹரிதாவுக்கு மெடிக்கல் சீட்டு கிடைக்க வேண்டும் என்று முடிந்த முடிச்சை அவன் கையில் வைத்து, இரண்டு கையையும் மூடிப் பிடித்துக்கொண்டாள். "உன் கையால போட்டா பெருமாளு கேப்பாருடா" என்றாள்.

அவன் உண்மையாகவே போட நினைத்தான். ஒருநாள் மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் போனான். படிக்கட்டுக்கு முன்னால் எல்லோரும் கற்பூரம் கொளுத்தி கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த உடம்பை வைத்துக்கொண்டு, இவர் பெயரைச் சொல்லியே ஊரை ஏமாற்றிக்கொண்டு, இவர் முன்னாலேயே போய் நிற்பதா என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிவிட்டான். முடிச்சுகளை ஒரு துணிப்பையில் போட்டுப் பரணில் பழைய சாமான்களுக்குப் பின்னால் தள்ளினான். மலைக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டதாக ரூபாவிடம் சொன்னான். இப்போது அவளிடமும் பொய் வந்துவிட்டது.

ஹரிதாவுக்கு சீட்டு கிடைத்தது. அதுவும் திருப்பதியிலேயே. அலர்மேல்மங்கை தெருவுக்கே கேசரி கிண்டினாள். முதல் தட்டு கமலக்கண்ணனுக்கு. அதை வாங்கித் தின்றானே, அந்த நாளிலிருந்துதான் அவனுக்குச் சோறு மண்ணாகப் போனது என்று பிற்பாடு ரூபா சொல்வாள். எனக்கு அப்படித் துல்லியமாகச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. விடிவதற்கு முன்னால் விழித்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பான். பாவு அறுந்தால் ஓடிப்போய் முடிபவன், அறுந்த இழையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். மகன் யஸ்வந்த் பள்ளிக்கூடத்துப் பரிசைக் காட்டினால் நல்லாயிருக்குது என்பான், எதைப் பார்த்தான் என்று அவனுக்கே தெரியாது. வெளியில் மட்டும் சிரித்த முகம். யாராவது முடிச்சு கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வான்.

மையத்திலும் அதே சிரித்த முகம்தான். அங்கே ஆலோசகராக இருக்கும் பவன்குமாருக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடாதவன், ரத்தப் பரிசோதனை எப்போதும் நன்றாக இருப்பவன். மற்றவர்களுக்கு அவனைக் காட்டி, நம்ம கமலக்கண்ணனைப் பாருங்கள் என்று தெலுங்கில் சொல்வார். ரத்தத்தைப் பார்த்தார்கள். மனசைப் பற்றி அவனை யாரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் அவன் தீர்மானித்துவிட்டான். பையில் உள்ள அத்தனை முடிச்சையும் கொண்டுபோய் எப்படியாவது உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். அந்தக் கடன் முடிந்தால் அவன் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மலையிலிருந்து இறங்கி வீட்டுக்குத் திரும்புவதில்லை. அதற்கு மேல் அவன் என்ன யோசித்து வைத்திருந்தான் என்பதை நான் எழுத மாட்டேன். பரணிலிருந்து பையை எடுத்தான். ரூபாவிடம், வர லேட்டாகும் என்று மட்டும் சொன்னான்.

புறப்படும் நேரத்தில் பவன்குமார் போன் செய்தார். மெடிக்கல் காலேஜ் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது, எச்.ஐ.வி. இருப்பவர்களின் மனச்சோர்வை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று கற்றுக்கொடுக்கிறார்கள், பேஷண்டாக ஒருவர் உட்கார வேண்டும், நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள், கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். சாகப் போகிறவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கமலக்கண்ணன் யாரிடம்தான் முடியாது என்று சொன்னான்? வரேன் சார் என்றுவிட்டான். சொன்னதால் போனான்.

மையத்து அறையில் வெள்ளைக் கோட்டும் முகக்கவசமுமாக மாணவர்கள் சுற்றி நின்றார்கள். மனநல டாக்டர் ஆதிநாராயணன் நடுவில் இருந்தார். அவருக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. பொறுமையும் கொஞ்சம் குறைவு. முதலில் ஒரு பையன் எதிரே உட்கார்ந்து, கையில் இருந்த தாளைப் பார்த்துத் தெலுங்கில் மளமளவென்று படித்தான். தூக்கம் வருகிறதா? பசிக்கிறதா? வேலையில் பிடிப்பு இருக்கிறதா? கமலக்கண்ணன் எல்லாவற்றுக்கும் "பாகுந்தி சார்", நன்றாக இருக்கிறது என்றான். பையன் சந்தோஷமாக நிமிர்ந்து, இவருக்கு ஒன்றுமே இல்லை என்று அறிவித்தான்.

"நீ கேட்டது கேள்வியா, இல்ல பஸ் ஸ்டாண்டுல அனவுன்ஸ்மென்டா?" என்று தெலுங்கில் சீறினார் டாக்டர். "அவர் முகத்தை ஒரு தரமாவது பார்த்தாயா? அவர் பாஷையில் கேட்க இங்கே யார் இருக்கிறீர்கள்?"

பின்வரிசையில் ஒரு பெண்ணை மற்றவர்கள் முன்னால் தள்ளினார்கள். அவள் வர மறுத்துக் காலை ஊன்றிக்கொண்டாள். கடைசியில் வந்து நின்று முகக்கவசத்தை இறக்கினாள்.

"சித்தப்பா" என்றாள். ஹரிதா.

எச்.ஐ.வி. மையத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான், எதிரே முதலாளியம்மாவின் மகள். அவளுக்கும் முகம் சிவந்துபோயிருந்தது. அவன் உள்ளே நுழைந்தபோதே பார்த்துவிட்டு, யாருடைய முதுகுக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு நின்றிருந்தாள். தெரிந்தவர் பேஷண்டாக வந்தால் உடனே சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். அவள் அதையும் செய்யவில்லை.

டாக்டர் இருவரையும் பார்த்தார். மற்ற பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார். இந்தப் பெண்ணும் போகட்டுமா, உங்கள் இஷ்டம் என்று கமலக்கண்ணனிடம் கேட்டார். இந்த ஒரு தடவை அவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். "இருக்கட்டும் சார், நம்ம வூட்டுப் புள்ளதான்" என்றான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்ற அலுப்பு அது. டாக்டர் கதவோரமாகத் தள்ளிப்போய், பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்தார்.

ஹரிதா தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியது அவளுக்கு மனப்பாடம்.

"ராத்திரில தூக்கம் வருதா, சித்தப்பா?"

"வரதில்லம்மா."

"சாப்புடறீங்களா? சித்தி சொல்லிச்சு, நீங்க சரியா துன்றதில்லன்னு. போன மாசம் ஊருக்கு வந்தப்ப."

"வாயில போட்டா எறங்க மாட்டேங்குது."

தன் ஊர்ப் பேச்சில் யாரோ கேட்டதும் அவனுக்கு வாய் திறந்துகொண்டது. கேட்கக் கேட்கச் சொன்னான். தறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது என்றான். யஸ்வந்தைத் தூக்கிக் கொஞ்சத் தோன்றுவதில்லை என்றான். இன்னும் இரண்டே கேள்விகள் பாக்கி இருந்தன.

"நீங்க இன்னாமோ தப்பு பண்ணிட்ட மாதிரி, நீங்க எதுக்கும் லாயக்கில்லாத மாதிரி தோணுதா?"

கமலக்கண்ணன் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தான். அவிழ்த்தான். உள்ளே மஞ்சள் முடிச்சுகள்.

"உங்கம்மா குடுத்ததும் இதுலதான் கீதும்மா. உனக்கு சீட்டு கெடைக்கணும்னு முடிஞ்சது. நான் போடல. ஒண்ணுமே போடல. நான் மலைக்குப் போனதே கெடையாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க துன்னதெல்லாம் பஸ் ஸ்டாண்டு லட்டு."

ஹரிதாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏளனமில்லை, ஆறுதலில் வந்த சிரிப்பு. ஏதோ பயங்கரமாகச் சொல்லப் போகிறார் என்று பயந்திருந்தாள்.

"இவ்ளோதானா சித்தப்பா? இதுக்குப் போயா இப்டி ஆயிட்டீங்க? குடுங்க இத. ஞாயித்துக்கெழம நானே மேல போய் எல்லாத்தையும் உண்டியில போட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். "நெஜமா போட்டுடுவியா?"

"போட்டுடறேன்."

"ஒண்ணு வுடாம?"

"ஒண்ணு வுடாம."

அவன் முகம் தெளிந்துவிட்டது. எத்தனையோ மாதமாக அப்படி ஒரு தெளிவு இல்லை. பையை அவள் கையில் கொடுத்தான். எழுந்து டாக்டரைக் கும்பிட்டான். "அப்ப என் வேல முடிஞ்சிது. வரேம்மா. நல்லா படி" என்று அவள் தலையில் கைவைத்துவிட்டு வெளியே போனான். ஹரிதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மனிதனின் பாரத்தை இறக்கி வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

டாக்டர் வந்து, எல்லாம் கேட்டாயா என்றார். கேட்டேன் சார் என்றாள். கடைசிக் கேள்வி?

கடைசிக் கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது. சித்தப்பா முறையில் உள்ள பெரியவர் முகத்தைப் பார்த்து, சாகத் தோன்றுகிறதா என்று எப்படிக் கேட்பது? நம் வீடுகளில் அந்த வார்த்தையை நாக்கில் எடுத்தாலே வாயிலேயே போடுவார்கள். "பெத்தவாரு சார்... அடகலேக்கபோயானு" என்றாள். பெரியவர், கேட்க முடியவில்லை என்று. அவருக்கு இப்போது சரியாகிவிட்டது, பையைக்கூட என்னிடம் கொடுத்துவிட்டார், வேலை முடிந்தது என்று சிரித்துக்கொண்டே போனார் என்றும் சொன்னாள்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கையில் இருந்த ஒரே பொறுப்பையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாயே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வராந்தாவுக்கு ஓடினார். அவர் ஓடி அவள் பார்த்ததே இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு அவளும் ஓடினாள். கேட்கத் தெரியாத வாயும் வெள்ளைக் கோட்டும் இருந்து என்ன பிரயோஜனம் என்று அழுதுகொண்டே ஓடினாள்.

கமலக்கண்ணன் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ரோட்டைக் கடக்க நின்றிருந்தான். அவசரமே இல்லாமல் நின்றிருந்தான். ஹரிதா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆட்டோக்களின் ஹாரன் சத்தத்தில் அவள் கத்த வேண்டியிருந்தது.

"சித்தப்பா, செத்துடணும்னு நெனைக்கிறீங்களா?"

இளநீர் வெட்டுகிறவர் கத்தியை அப்படியே நிறுத்தினார். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்களிடம் இப்படியா பேசுவது என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். அவள் கையை விடவில்லை. கமலக்கண்ணன் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தான். முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றான். "ஆமா. இன்னிக்குதான்."

அவள் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து பையை அவன் மடியில் வைத்தாள்.

"இத நான் எடுத்துக்க மாட்டேன் சித்தப்பா. தெரியாம சொல்லிட்டேன். நீங்களே வெச்சிக்கோங்க. உள்ள வாங்க, சார் நிக்கறாரு."

"உங்கம்மாகிட்ட சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"எதயுமா? வியாதியும்?"

"எதயும். சொன்னா என்னிய காலேஜ விட்டே தொரத்திடுவாங்க" என்றாள். சத்தியம் செய்வதைவிட அவனுக்கு அது நம்பும்படியாக இருந்தது.

அன்று அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பவன்குமார் வந்து கட்டிலோரம் நின்றார், தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று போய்விட்டார். வருஷக் கணக்கில் பார்த்த ஆள். கேட்கத் தெரியாமல் போனது என்று அவருக்கு வெட்கம். சாயங்காலம் ரூபா வந்தாள். பையைத் திறந்து பார்த்தவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள், அப்புறம் அதே தோளில் சாய்ந்து அழுதாள். மனசுக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். டாக்டர் வாராவாரம் வரச் சொன்னார். ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில வாரம் நன்றாக இருந்தான், சில வாரம் பழையபடி உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தான். ஆனால் படுத்திருக்கும்போது ரூபாவை எழுப்பிச் சொல்லப் பழகிக்கொண்டான்.

கொஞ்சம் தெளிந்த பிறகு முடிச்சுகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. நாமே மேலே போய்ப் போட்டுவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் ரூபா. அவன் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் மலைக்குப் போகவே இல்லை என்று சொல்லிவிடப் போகிறேன் என்றான். அவனுக்கு அதை நினைத்தாலே பயமாக இருந்தது. இருந்தும் பிடிவாதமாக இருந்தான்.

பொங்கல் விடுமுறையில் வீடு வீடாகப் போனான். அப்படியானால் மாதா மாதம் திருப்பதியில் என்ன செய்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அது என் சொந்த விஷயம் என்றான், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. தெரு சும்மா இருக்குமா? திருப்பதியில் ஒரு பெண் வைத்திருக்கிறான் என்று மத்தியானத்துக்குள் முடிவு கட்டிவிட்டது. ஒருவர் முடிச்சை வாங்கி அவன் முன்னாலேயே அவிழ்த்து, காசு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். அலர்மேல்மங்கை வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான்.

வாசலில் ஹரிதா கோலத்துக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாக நின்றாள். அலர்மேல்மங்கை முடிச்சைப் பார்த்தாள், அவன் சொன்னதைக் கேட்டாள். அப்புறம் அவள் குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"என் பொண்ணு படிப்புக்கு முடிஞ்சதுடா இது! சாமி காச பரண்ல போட்டு வெச்சிக்கினு என் கையால கேசரி வாங்கித் துன்னியே, உனக்கு வெக்கமா இல்ல? அதான் போன வருசம் ஒரு பரீட்சையில இவ கோட்ட வுட்டா. இப்ப தெரியுது காரணம். திருட்டுப் பையா!"

அக்கம்பக்கத்தில் கூடிவிட்டார்கள். கமலக்கண்ணன் காது மடல்வரை சிவந்து நின்றான்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "நீ அந்த ஊர்லதான கீற. எங்கனா இவன பாத்தியா? எவ வூட்டாண்ட சுத்திக்கினு இருந்தான்? சொல்லுடி."

எல்லோரும் ஹரிதாவைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை, ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், பெண் வைத்திருக்கிறான் என்ற பழி போய்விடும், திருடன் என்ற பேச்சும் அடங்கிவிடும். அடுத்த கேள்வி, எந்த ஆஸ்பத்திரி, எதற்கு என்று வரும். அவள் கலர்ப்பொடி அப்பிய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் பாக்கலம்மா" என்றாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

கமலக்கண்ணன் அதைக் கேட்டான். அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். அலர்மேல்மங்கை இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் இந்த வாசப்படியை மிதிக்காதே என்றாள். அவள் மூச்சு வாங்கும்வரை காத்திருந்துவிட்டு அவன் கேட்டான்.

"அண்ணி, நாளைக்கு தறிக்கு வரலாமா?"

"வராம? பாவு ஏத்தி வெச்சிகீது. யாரு ஓட்டுறது, உங்க நைனாவா?"

ஹரிதா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பொங்கி வந்த சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடினாள்.

"பாத்தியா, எம் பொண்ண அழ வெச்சிட்ட" என்றாள் அலர்மேல்மங்கை.

"தப்புதான் அண்ணி" என்றான் கமலக்கண்ணன். "காலைல வந்துடறேன்."